இரண்டு ஹெச்.பி. எரிந்த இடத்தில் அரை ஹெச்.பி.: டோங்காட் வீட்டு போர்வெல், ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில், 2022 ஏப்ரல் வெள்ளம் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே சிதைத்துவிட்டது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வரும் நேரம் பார்த்து, வாளியோடும் கேனோடும் வரிசையில் நின்ற ஊர் அது. அந்தச் சிரமத்துக்குப் பிறகு வசதியுள்ளவர்கள் பலர் வீட்டிலேயே போர்வெல் போட்டார்கள். நான் இங்கே எழுதுவது அப்படிப் போர் போட்ட ஒரு வீட்டைப் பற்றி. டர்பன் பக்கம் பம்பு, பைப் வேலை பார்க்கும் எனக்கு, வீட்டு போர்களில் அடிக்கடி காணும் கோளாறுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்த இடம் இது. வீட்டாரின் சம்மதத்தோடு, அளந்த எண்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சரிவில் கட்டிய மாடி வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவருடைய மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர். மாடியில் இரண்டு குளியலறை, கூரைக்குள் 150 லிட்டர் கீசர். வீட்டின் கீழ்ப்பக்கம் 84 மீட்டர் ஆழத்துக்கு, 165 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை போட்டிருந்தார்கள். மேலே செம்மண், அதற்கடியில் கருஞ்சாம்பல் களிப்பாறை. 52 மீட்டரில் பாறை வெடிப்பு ஒன்றில் தண்ணீர் கிடைத்தது. பேருக்குச் சொல்லும்படியான ஊற்று அது ஒன்றுதான். சும்மா இருக்கும்போது நீர்மட்டம் 18 மீட்டரில் நிற்கும். துளை போட்டவர் கொடுத்த தாளில் 'மணிக்கு 2,500 லிட்டர்' என்று இருந்தது.

அந்தத் தாளை நம்பித்தான் பம்பு விற்றவர் 1.5 கிலோவாட், அதாவது இரண்டு ஹெச்.பி. சப்மர்சிபிள் மோட்டாரை 76 மீட்டரில் இறக்கினார். டேங்க் கிடையாது. போரிலிருந்து நேரே வீட்டுக் குழாய்க்கு இணைத்து, நடுவில், குழாயில் அழுத்தம் குறைந்தால் மோட்டாரைப் போட்டு ஏறினால் அணைக்கும் பிரஷர் சுவிட்சும், கொஞ்சம் தண்ணீரை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் 24 லிட்டர் பிரஷர் உருளையும் வைத்தார். முதல் மாதங்களில் வீட்டாருக்குக் குறையே இல்லை. மாடி ஷவரில் அப்படி ஒரு வேகம். அப்புறம் குழாய் இருமத் தொடங்கியது. காற்றும் தண்ணீரும் மாறிமாறி வரும், பிறகு சேறு கலந்து வரும், பிறகு மோட்டார் ட்ரிப் ஆகும். ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி நன்றாக வரும். குளிர்காலத்தில் காயில் எரிந்தது. அதே அளவில் இரண்டாவது மோட்டார் வந்தது. அதுவும் அதே மாதிரி தடுமாற ஆரம்பித்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“இன்னும் பெரிசா ஒண்ணு போட்டா சரியாயிடுமா, தம்பி?” என்றுதான் ஆசிரியை அம்மா முதலில் கேட்டார். தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த வீட்டில் மோட்டாருக்குப் பலம் அதிகமாகிவிட்டதுதான் சிக்கல்.

கிணற்றை அளந்தோம்

போரில் எவ்வளவு ஊறுகிறது என்று தெரியாமல் பம்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. துளை போட்டவர் கொடுத்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. துளை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றை அடித்து, மேலே பீறிட்டு வந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் அளந்த எண் அது. அப்போது துளையில் ஏற்கெனவே தேங்கியிருந்த தண்ணீரும் சேர்ந்து வரும். நீர்மட்டம் அடிவரை தள்ளப்படுவதால் ஊற்றும் அதன் உச்ச வேகத்தில் வரும். நாள் கணக்கில், வருடக் கணக்கில் எடுக்கக்கூடிய அளவை அந்தச் சோதனை காட்டாது.

சோதனையைக் குளிர்காலக் கடைசியில், மழை தொடங்குமுன் வைத்துக்கொண்டோம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மழை கோடையில்தான் பெய்யும். ஆகஸ்ட், செப்டம்பரில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். அப்போது கிடைப்பதைக் கணக்காக வைத்தால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலையில்லை. புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது என்பது இன்னொரு காரணம். இந்த வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் வாழையிலை போட்டுச் சொந்தபந்தம் முழுக்கச் சாப்பிடும். அதற்குள் தண்ணீர் சரியாக வேண்டும்.

பெரிய மோட்டாரை மேலே எடுத்துவிட்டு, சோதனைக்கென்று நான் வைத்திருக்கும் சிறிய பம்பை இறக்கினோம். வெளியே வரும் குழாயில் கேட் வால்வும் தண்ணீர் மீட்டரும் வைத்தோம். நீர்மட்டத்தைப் பார்க்க, தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கும் அளவு நாடா. முதலில் மணிக்கு 1,000 லிட்டர் எடுத்தபோது, சுமார் இரண்டு மணி நேரத்தில் மட்டம் 52 மீட்டரைத் தாண்டி இறங்கியது. அதற்கு மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டோம். இரவெல்லாம் விட்டதில் மட்டம் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. மறுநாள் வால்வைத் திருகி மணிக்கு 600 லிட்டரில் வைத்தோம். நாலு மணி நேரத்தில் 41 மீட்டருக்கு இறங்கியது. அடுத்த நாலு மணி நேரத்தில் அரை மீட்டர்கூட இறங்கவில்லை.

தாளில் 2,500 என்று இருந்த கிணறு நிம்மதியாகத் தருவது 600 லிட்டர்தான். 

இதை வைத்துப் பார்த்தால் பழைய கோளாறு முழுவதற்கும் கணக்கிலேயே விடை கிடைக்கிறது. 165 மில்லிமீட்டர் துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். 18 மீட்டரிலிருந்து பம்பு இருந்த 76 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்வரை கிட்டத்தட்ட 1,200 லிட்டர். பெரிய பம்பு மணிக்கு 3,000 லிட்டர் இழுத்தது. ஊற்று சராசரியாக 700 லிட்டர் அளவில் ஈடுகொடுத்திருக்கும். மீதியெல்லாம் சேமிப்பிலிருந்து போகிறது. அந்தக் கணக்கில் துளை காலியாக ஆகும் நேரம் அரை மணி. வீட்டார் சொன்ன 'அரை மணி நல்லா வரும், அப்புறம் இருமும்' என்பது அச்சாக இதுதான். நிரம்பிய அண்டாவில் வேகமாக மொண்டுவிட்டு, அண்டாவில் இருந்ததையெல்லாம் அதில் விழும் மெல்லிய ஊறல் தந்தது என்று எண்ணிக்கொண்டதைப் போல.

மட்டம் 52 மீட்டருக்குக் கீழே போவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஊற்று வாய் காற்றில் திறந்துகொள்ளும். தண்ணீர் அங்கிருந்து அருவி மாதிரி விழும்போது சேற்றைக் கிளப்பும், காற்றைக் கலக்கும். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு அந்த வெடிப்பிலேயே துருவாகப் படிந்து, நாளடைவில் ஊற்றையே அடைக்கும். ஒரு மோட்டார் எரிந்தால் வேறு வாங்கலாம். அடைந்த ஊற்றைத் திறப்பது சுலபமில்லை. அதனால் இந்த இடத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஓடும்போது நீர்மட்டம் முக்கிய ஊற்றுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

மோட்டார் ஏன் எரிந்தது

மூன்று காரணம் சேர்ந்திருந்தது. முதலாவது, அடிக்கடி நின்று ஓடியது. பிரஷர் சுவிட்ச், அழுத்தம் 140 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் மோட்டாரைப் போட்டு 280-க்கு ஏறினால் அணைக்கும்படி இருந்தது. 24 லிட்டர் உருளை என்றாலும் அதில் பாதிக்கு மேல் காற்றுதான். போட்டதற்கும் அணைத்ததற்கும் நடுவே அது கொடுக்கும் தண்ணீர் சுமார் 8 லிட்டர். சமையலறையில் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் ஒரு குழாய் திறந்திருந்தால், நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளும் பம்பு பதினோரு நொடியில் உருளையை நிரப்பிவிட்டு நின்றுவிடும். ஒன்றரை நிமிடத்தில் மறுபடி ஓடும். இந்த அளவு ஒற்றை பேஸ் சப்மர்சிபிள் மோட்டார் ஒருமுறை ஓடினால் குறைந்தது ஓரிரு நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் வழக்கமான கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்தச் சூடு ஆறுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும்.

அந்தத் தண்ணீர்தான் அங்கே இல்லை. இது இரண்டாவது. சப்மர்சிபிளில் மோட்டார் அடியில் இருக்கும், பம்பு அதன்மேல். தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு கீழிருந்து மேலே வந்தால்தான் அது குளிரும். நாலங்குல மோட்டாருக்கு வினாடிக்கு எட்டு சென்டிமீட்டர் அளவாவது அந்த ஓட்டம் வேண்டும். இங்கே ஊற்று 52 மீட்டரில், பம்பு 76 மீட்டரில். தண்ணீர் மேலிருந்து விழுந்து நேரே உறிஞ்சும் வாய்க்குள் போய்விட்டது. அதற்குக் கீழிருந்த மோட்டார் அசையாத தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கேபிள். போருக்குள்ளும் வெளியேயும் சேர்த்து 105 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 11 ஆம்பியர் போகும்போது சுமார் 17 வோல்ட் வழியிலேயே விழுகிறது. 230-ல் அது ஏழு சதவீதத்துக்கு மேல். தென்னாப்பிரிக்க மின்னிணைப்பு விதியான எஸ்.ஏ.என்.எஸ். 10142-1 அனுமதிப்பது ஐந்து சதவீதம். லோட்ஷெட்டிங் எனும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல் இந்த வீட்டார் இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார்கள். பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அது அலறி நின்றதற்கும் இந்தத் தொடக்கக் கரண்டுதான் காரணம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று என்னை அதிகமாகப் பதற வைத்தது. போர்த் தண்ணீரும் மாநகராட்சிக் குழாயும் ஒரு பந்து வால்வால் மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தன. அந்த வால்வு முழுதாக மூடவில்லை. தெருக் குழாயில் அழுத்தம் இல்லாத நாளில் போர் ஓடினால், வாசல் மீட்டர் பின்னோக்கிச் சுற்றியது. அதாவது இந்த வீட்டுச் சேற்றுத் தண்ணீர் ஊர்க் குடிநீர்க் குழாய்க்குள் போயிருக்கிறது. அன்றைக்கே அந்த இணைப்பை அறுத்து மூடினோம். சட்டமும் இதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீர் அது.

ஒரு பம்பு செய்த வேலையை இரண்டாகப் பிரித்தோம்

கிணறு மெதுவாகத்தான் கொடுக்கும். வீடு காலையிலும் மாலையிலும் வேகமாகக் கேட்கும். இரண்டையும் ஒரே பம்பால் இணைக்கப் பார்த்ததுதான் ஆதிச் சிக்கல். நடுவில் ஒரு டேங்க் வந்துவிட்டால் கிணற்றுக்கு ஒரு பம்பு, வீட்டுக்கு ஒரு பம்பு என்று ஒவ்வொன்றையும் அதனதன் கணக்கில் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டுத் தேவையை ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெள்ளத்துக்கு முந்தைய தண்ணீர் ரசீதுகளை ஆசிரியை அம்மா கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். மாதம் சுமார் 40 கிலோலிட்டர். ஒரு நாளுக்கு 1,330 லிட்டர். போரிலிருந்து மணிக்கு 550 லிட்டர் எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் ஒரு நாள் தேவை முடிந்தது. 'போதாத கிணறு' என்று வீட்டார் வருத்தப்பட்ட அதே கிணறுதான் இது.

5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை, வீட்டின் பக்கவாட்டில் கம்பி கட்டிய கான்கிரீட் மேடையில் வைத்தோம். நிரம்பினால் ஐந்து டன் கனம். சரிவு நிலத்தில் செங்கல் அடுக்கி வைத்து ஒப்பேற்ற முடியாது.

போர் பம்புக்கான கணக்கு இப்படி. ஓடும்போது மட்டம் 41 மீட்டர் என்றாலும், மோசமான வருடத்தை நினைத்து 50 என்று வைத்தேன். போர் வாயிலிருந்து டேங்க் மேடை 4 மீட்டர் உயரம், டேங்க் வாய் இரண்டரை மீட்டர், 32 மில்லிமீட்டர் கருங்குழாயில் உராய்வுக்கு ஒரு மீட்டர். மொத்தம் 58 மீட்டர் ஹெட், அதாவது உராய்வையும் சேர்த்துப் பம்பு தூக்க வேண்டிய உயரம். மணிக்கு 600 லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்கத் தண்ணீருக்குத் தேவைப்படும் சக்தி வெறும் 95 வாட். சின்னப் பம்புகளின் திறன் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும் என்று வைத்தாலும் 0.37 கிலோவாட் மோட்டார் தாங்கும். அரை ஹெச்.பி. கேபிளைக்கூட மாற்றவில்லை, 3.5 ஆம்பியருக்கு வோல்டேஜ் இழப்பு இரண்டரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

பம்பை 66 மீட்டரில் நிறுத்தினோம். ஊற்றுக்குக் கீழே என்பதால் மோட்டாரைச் சுற்றி 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை உறையாகப் போட்டோம். மேல்பக்கம் மூடி, அடிப்பக்கம் திறப்பு. தண்ணீர் உறையின் அடியில் நுழைந்து, மோட்டாரை உரசி மேலேறித்தான் பம்புக்குள் போக முடியும். செலவு என்று சொல்லவே முடியாத ஒரு குழாய்த் துண்டு. இது இல்லாமல் எரிந்த மோட்டார்களை எண்ணிப் பார்த்தால் மனசு ஆறாது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் பாதுகாப்பு, டேங்கில் மிதவை சுவிட்ச், பகல் ஒன்பதிலிருந்து மூன்று வரை மட்டும் ஓடவிடும் டைமர். வெளிக் குழாயில் கேட் வால்வைத் திருகி மீட்டரில் பார்த்து 550-ல் நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டேன். யாராவது 'கொஞ்சம் வேகமா வரட்டும்' என்று திறந்துவிட்டால் எல்லாம் வீண்.

வீட்டுப் பம்பு வேறு கணக்கு. மாடியில் இரண்டு ஷவர், கீழே ஒரு குழாய், ஒரு கழிவறைத் தொட்டி சேர்ந்து ஓடினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். மாடி ஷவர் 6 மீட்டர் உயரம், குழாய் உராய்வு 5 மீட்டர், ஷவர் வாயில் 15 மீட்டர் அழுத்தம் வேண்டும். ஆக, 26 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 1.8 கனமீட்டர். 0.55 கிலோவாட் போதும். இங்கே மேல் வரம்பும் ஒன்று உண்டு. இந்த ஊர் கீசர்களில் பெரும்பாலானவை 400 கிலோபாஸ்கலுக்கானவை. அதைத் தாண்டித் தள்ளும் பம்பை வைத்தால் கீசரின் பாதுகாப்பு வால்வு ஒழுகத் தொடங்கலாம். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதுகூட 380-ஐத் தாண்டாத பம்பைத் தேடி எடுத்தோம். சுவிட்ச் 180-ல் போட்டு 300-ல் அணைக்கும். 60 லிட்டர் உருளைக்குள் காற்றழுத்தம் 160. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் அதை அளக்க வேண்டும். இப்போது உருளையே 16 லிட்டர் தருவதால், ஒருமுறை கழிவறைத் தொட்டி நிரம்புவதற்குப் பம்பு எழுந்திருப்பதுகூட இல்லை.

மாடியில் வெந்நீர் மட்டும் மெலிந்து வந்ததற்குப் பம்பு காரணமே இல்லை. கீசர் வால்வுக்குள் இருக்கும் சின்ன வடிகட்டியில் செஞ்சேறு அடைத்திருந்தது. கழுவிப் போட்டதும் சரியானது.

மாநகராட்சித் தண்ணீருக்கு டேங்கின் மேலே தனி வாய். வழிந்தோடும் குழாயைவிட உயரத்தில், இடைவெளி விட்டு விழும்படி வைத்ததால் டேங்க் தண்ணீர் தெருவுக்குத் திரும்ப வழியே கிடையாது. சமையலறையில் குடிக்கவும், பூஜைக்கு எடுக்கவும் ஒரு குழாய் மட்டும் நேரே மாநகராட்சி இணைப்பில். அது நின்றுபோகும் நாளைக்கு மூடிய கேன்களில் பிடித்து வைக்கிறார்கள். போர்த் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்ததில் இரும்பு லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் வந்தது. தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 241-ல் நிறம், சுவைக்கான வரம்பு 0.3. அதனால் போர்த் தண்ணீரைப் பூவாளி போலத் தூவித்தான் டேங்குக்குள் விழ வைத்தோம். காற்றுப்பட்டு இரும்பு துருவாகி அடியில் தங்கும். வீட்டுக்கு எடுக்கும் வாய் அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே. அடிப் படிவை வெளியேற்றத் தனி வால்வு.

ஒரு வருடம் கழித்து

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாளுக்கு 2,500 லிட்டர் வரை செலவானது. டேங்க் பாதிக்குக் கீழே போகவில்லை. கரண்ட் போகும் நேரத்தில் போர் பம்பு ஓட வேண்டிய தேவையே இல்லாததால், இன்வெர்ட்டரில் வீட்டுப் பம்பு மட்டும் இருக்கிறது. அடுத்த குளிர்காலக் கடைசியில் அளந்தபோது, ஓடி முடிக்கும் நேரத்தில் மட்டம் 43 மீட்டர். ஊற்றுக்கு ஒன்பது மீட்டர் மேலே.

இனி பின்கட்டில் ஒரு குடித்தனம் வரப்போகிறதாம். “அப்போ போர் மோட்டாரை மாத்தணுமா, தம்பி?” என்று ஆசிரியை அம்மா கேட்டார். தேவையில்லை. இப்போது டைமர் அனுமதிக்கும் ஆறு மணி நேரத்தில் 3,300 லிட்டர் வரை வரும். இன்னும் நாலு பேருக்குத் தாராளம். மறுபடி கணக்குப் போட வேண்டியது வீட்டுப் பம்புக்குத்தான்: மூன்றாவது ஷவர் சேர்ந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர், பின்கட்டு வரை இன்னொரு குழாய் உராய்வு. அந்தக் குழாயை 22 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்லியிருக்கிறேன்.